தாளம் தவறாத கணினி

சென்ற கிழமை என் தமக்கையின் மகன் கடன் கேட்டு வந்தான். மிருதங்கம் பயில்பவன். வீட்டு அறையொன்றையே ஒலிப்பதிவுக் கூடமாக்கித் தன் வாசிப்பையும் நண்பர்களின் பாடல்களையும் கணினியிற் பதிந்து வருபவன். புதிய கணினி ஒன்று கட்ட வேண்டுமாம். அதற்குப் பதினாறு 'கோர்' உள்ள செயலியே வேண்டுமாம். "அத்தனை எதற்குத் தம்பி?" என்றேன். "கூடக் கூட நல்லதுதானே மாமா" என்றான். இவ்விடை அவனுடையது மட்டுமன்று. இசைக்கெனக் கணினி வாங்கப் புறப்படுவோர் பலருடைய விடையும் இதுவே. இது தவறு என்பது என் துணிபு.

1957இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மாக்ஸ் மத்தியூஸ் என்பார், ஐ.பி.எம். 704 கணினிக்கென எழுதிய நிரலினால் பதினேழு விநாடி இசையொன்று பிறந்தது. கணினி கணக்கை முடித்து விடையை நாடாவிற் பதிந்த பின்னரே, வேறோரிடத்தில் அஃது ஒலியாயிற்று. அன்று காத்திருப்பதில் குறையொன்றும் இல்லை. இன்றோ, வாசிப்பவன் வாசிக்கும்போதே தன் ஒலியைச் செவியிற் கேட்க விரும்புகின்றான். செயலிக்கு உண்மையான சோதனை இங்கேதான்.

கணினி ஒலியைச் சிறுசிறு துண்டங்களாக ஏற்றுக் கணித்து வெளிவிடுகின்றது. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கிற் பதியும்போது, 128 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டத்துக்குச் செயலி பெறும் அவகாசம் 2.7 மில்லிவிநாடியே. அதற்குள் வேலை முடியாவிடின் ஒலி விக்கும், வெடிக்கும். துண்டத்தை 1,024 மாதிரிகளாகப் பெருக்கினால் அவகாசம் 21 மில்லிவிநாடியாக உயரும், வெடிப்பும் நீங்கும். ஆனால் உட்செல்லுகையிலும் வெளிவருகையிலுமாக நாற்பது மில்லிவிநாடிக்கு மேல் தாமதம் நேரும். அந்நேரத்தில் ஒலி காற்றிலே பதினான்கு மீற்றர் தூரம் சென்றுவிடும். பதினான்கு மீற்றருக்கு அப்பால் நிற்பவன் காதுகொண்டு மிருதங்கம் வாசித்தால் லயம் என்னாவது?

அப்படியாயின் கோர்களைப் பெருக்கினால் என்ன என்று கேட்கலாம். ஒரு பாடலின் வெவ்வேறு தடங்களை வெவ்வேறு கோர்களுக்குப் பகிர்ந்தளிக்க இயலும் என்பது மெய்யே. ஆயின் ஒரு தடத்தினுள்ளே ஒலியைச் சமன்செய்தல், ஏற்றத்தாழ்வைக் குறைத்தல், எதிரொலி சேர்த்தல் முதலியன ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ வேண்டும். முன்னது முடியாமற் பின்னது தொடங்காது. எல்லாத் தடங்களும் கலந்த பின் நிகழும் இறுதிச் செய்கைகளுக்கும் இதுவே விதி. ஒரு தேரை நூறு பேர் கூடி இழுக்கலாம். ஓர் ஊசியில் நூறு பேர் கூடி நூல் கோக்க இயலாது. ஆகவே முதலிற் பார்க்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகமேயன்றி எண்ணிக்கையன்று. எண்ணிக்கையும் ஒரு தன்மைத்தன்று: 2020இல் வெளிவந்த ஆப்பிள் எம்1 செயலியின் எட்டுக் கோர்களில் நான்கே வேகத்துக்கானவை, ஏனைய நான்கும் மின் சிக்கனத்துக்கானவை.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரு செயலிகளை ஒப்புநோக்குவோம். 2022இல் வந்த றைசன் 9 7950எக்ஸ், 16 கோர்களும் 5.7 கிகாஹேட்ஸ் உச்ச வேகமும் உடையது. வெளிவந்தபோது அதன் விலை 699 டொலர். 2023இன் தொடக்கத்தில் வந்த றைசன் 5 7600, 6 கோர்களும் 5.1 கிகாஹேட்ஸ் உச்ச வேகமும் உடையது. வெளிவந்தபோது அதன் விலை 229 டொலர். விலையில் மும்மடங்கு, உச்ச வேகத்திலோ நூற்றுக்குப் பன்னிரண்டளவே வேற்றுமை. முன்னதன் வெப்ப அளவு 170 வாற்று, பின்னதன் அளவு 65 வாற்று. வெப்பம் மிகுந்தால் விசிறி இரையும். ஒலிவாங்கியும் கணினியும் ஒரே அறையில் இருக்கையில், அவ்விரைச்சலும் பாடலோடு சேர்ந்தே பதிவாகும்.

பெரிய செயலி எவருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு தடங்களில் வாத்தியக் கோட்டியைக் கணினியிலேயே எழுப்பித் திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குப் பதினாறு கோர்களும் வேலை செய்யும். அவருக்கு மிகுந்த நினைவகமும் வேண்டும். மிருதங்கம், குரல், தம்பூரா எனப் பத்துத் தடங்கள் பதிபவனுக்கு, வேகமான ஆறு அல்லது எட்டுக் கோர்களே போதும். பாரம் மிகுமாயின், முடிந்த தடத்தை ஒலிக்கோப்பாக்கி உறையவைத்துச் செயலிக்கு ஓய்வளிக்கலாம். எஞ்சும் பணத்தில் நினைவகமும், அமைதியான விசிறியும், நல்ல ஒலிவாங்கியும் வாங்கலாம். ஒலிவாங்கி வாங்கத் தவறிய நாதத்தை எந்தச் செயலியும் கணக்கிட்டுத் தந்துவிடாது.

கேட்ட தொகையிற் பாதியைக் கொடுத்தேன். முகம் சற்று வாடிற்று. வட்டிக்கு வாங்கி மீதியை நிரப்பினால், கடனை அடைக்கப் போகும் மாதங்களில் வாசிக்க நேரம் இராது என்பதையும் சொன்னேன். கணினி நமக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது; நாம்தான் அதற்காக உழைக்கத் தொடங்கிவிட்டோம்.