தொண்ணூறிலும் வலுப்பெறும் தசை

தள்ளாத வயதில் ஓய்வுதான் மருந்து என்ற நம்பிக்கையை மருத்துவர் மரியா ஃபியட்டரோனின் குழு 1990-லேயே உடைத்துவிட்டது. பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி தந்தார்கள். ஒப்புக்குக் கைகால் அசைப்பதல்ல. காலால் ஒரே ஒரு முறை தூக்க முடிந்த எடையில் 80 சதவீதம் வரை தூக்கவைத்தார்கள். முடித்தவர்களுக்கு 8 வாரத்தில் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

அதைவிட என்னை உலுக்கியது, 100 பேரை வைத்து நடத்தி 1994-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு. வெறும் சத்துபானம் வலுவைக் கூட்டவில்லை; பயிற்சிதான் கூட்டியது. நாமோ பெற்றோருக்குச் சத்துமாவு டப்பா வாங்கிக்கொடுத்து, "பேசாம உட்காருங்க" என்கிறோம். அன்பால்தான் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் உட்கார வைக்கும் ஒவ்வொரு வாரமும் தசை கரைகிறது; கழிப்பறைக்குத் தனியாக எழுந்து போகும் சுதந்திரமும் சேர்ந்து போகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எழுதும் மருத்துவர், அதே சீட்டில் உடல்நிலைக்கேற்ற தசைப் பயிற்சியையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாம் கேட்டு வாங்க வேண்டும்.