மூன்று கம்பி போதும்!

இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச என்ன வேண்டும்?

"இன்டர்நெட் வேண்டும்" என்பீர்கள். வேண்டியதில்லை. மூன்று கம்பிகள் போதும்!

இதற்கு "சீரியல் கேபிள்" என்று பெயர். எழுத்துக்களைச் சிறு சிறு மின் துடிப்புகளாக்கி, எறும்புச் சாரை போல ஒன்றன்பின் ஒன்றாக இது அனுப்பும். அமெரிக்காவில் 1960-ம் ஆண்டு இதற்கு விதி வகுத்தார்கள். "ஆர்.எஸ். 232" என்பது அந்த விதியின் பெயர்.

வாயும் காதும்

ஒரு கம்பி பேசுவதற்கு. ஒரு கம்பி கேட்பதற்கு. மூன்றாவது, இருவருக்கும் பொதுவான கம்பி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இருவரும் வாயோடு வாய் வைத்துப் பேசினால் யார் காதில் விழும்? ஆகவே, ஒருவர் வாய்க்கு நேரே மற்றவர் காது இருக்க வேண்டும். 9 ஊசிகள் உள்ள இணைப்பில், இந்தப் பக்கத்து 2-ம் ஊசியை அந்தப் பக்கத்து 3-ம் ஊசியோடு சேர்க்க வேண்டும். 3-ஐ 2-ஓடு சேர்க்க வேண்டும். 5-ஐ 5-ஓடு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்!

இரண்டும் ஒரே வேகத்தில் பேசுவதும் அவசியம். வேகம் மாறினால் வருவது வெறும் கிறுக்கல்தான்.

அம்பத்தூரில் என்ன வேலை?

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, சிறு பட்டறைகளுக்குப் பெயர் போனது. இப்படிப்பட்ட பட்டறைகளில் ஓடும் "சி.என்.சி." லேத், கம்ப்யூட்டர் சொல்படி இரும்பைக் கடையும். அதன் உள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பழைய லேத்துகள் பலவற்றில் கட்டளையை ஏற்றும் வழி இந்தக் கேபிள்தான்.

வேகம் குறைவுதான். வழக்கமான 9600 வேகத்தில், வினாடிக்கு சுமார் 960 ஆங்கில எழுத்துக்கள் போகும். செல்போனில் எடுத்த ஒரு படத்தை அனுப்ப அரை மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் லேத்துக்குப் படம் எதற்கு? 4,800 எழுத்துக்கள் உள்ள கட்டளை ஐந்தே வினாடியில் போய்விடும்!

இன்னொரு நன்மை. இரண்டும் வெளியே எதனோடும் சேராமல் இருந்தால், இன்டர்நெட் வழியாகத் திருடன் நுழைய முடியாது.

"பழைய சமாசாரம்" என்று தள்ளலாமா?

"புது லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லையே! இதைப் படித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

துளை இல்லாவிட்டால் என்ன? யு.எஸ்.பி.யில் செருகும் மாற்றி, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஆனால் கம்பியை எங்கே மாற்றிச் சேர்ப்பது என்று தெரிந்த ஆள் கடையில் கிடைப்பாரா?

கேபிள் கெட்டால் கட்டளை போகாது. கட்டளை போகாவிட்டால் புது வேலை நடக்காது. வேலை நடக்காவிட்டால் தொழிலாளி வீட்டு அடுப்பு எப்படி எரியும்? கம்பி அறுந்ததை அறியாமல், நல்ல லேத்தைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளினால் அது எவ்வளவு பெரிய நஷ்டம்!

ஆகவே நாம் சொல்வது இதுதான். அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. போன்ற பயிற்சி நிலையங்களில், ஒவ்வொரு மாணவரும் மாணவியும் இந்தக் கேபிள் ஒன்றைத் தம் கையாலேயே ஈயம் வைத்துச் செய்ய வேண்டும். 25 ஊசிகள் உள்ள இணைப்பில் எண்கள் மாறும். "நில்", "அனுப்பு" என்று சொல்ல, சில இயந்திரங்களுக்குக் கூடுதல் கம்பியும் வேண்டும். இயந்திரத்தின் குறிப்புப் புத்தகத்தைப் படித்துப் பார்த்து, அதன்படி செய்யும் பழக்கம் வர வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கம்ப்யூட்டர் படிப்பதாகச் சொன்னால், "இரண்டு கம்ப்யூட்டர்களை மூன்று கம்பியால் பேச வைப்பாயா?" என்று கேளுங்கள். "வைப்பேன்" என்று சொல்லும் பிள்ளைக்குப் பட்டறையில் மதிப்பு உண்டு!