காணி இங்கே, நீதி கொழும்பிலா?

பாசிக்குடாக் கரையிலே தலைமுறை தலைமுறையாக வாடியமைத்துக் கரைவலை இழுக்கும் ஒருவனிடம், "இது அரச காணி, வெளியேறு" என்று அறிவித்தல் நீட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் எங்கே முறையிடுவான்?

1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டப்படி விடயம் நீதவான் முன் செல்லும். "அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ உண்டா?" என்பதே அங்கு கேள்வி. அது அரச காணிதானா என்று வாதாடவே இடமில்லை! அறிவித்தலே பிழையென நாட்ட அவன் எழுத்தாணை கோர வேண்டும்.

1987இன் பதின்மூன்றாந் திருத்தம், மாகாண சபை நிரலில் அடங்கிய விடயங்களில் எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றங்களுக்குத் தந்தது. அந்நிரலில் காணியும் உண்டு. ஆனால் 2013 செப்டெம்பர் 26 அன்று, ஸ்டாபோர்ட் தோட்ட வழக்கிலே, உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்களும் ஒரே முடிவுக்கு வந்தனர்: அரச காணி குடியரசுக்கே உரியது, நிரலிலுள்ள காணி அதிகாரம் வரையறுக்கப்பட்டது, ஆகவே வெளியேற்ற அறிவித்தலை விசாரிக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை. உண்டு என்ற மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு வீழ்ந்தது.

விளைவு என்ன? மட்டக்களப்பு நீதிமன்ற வாயில் அடைபட்டது. ஏழை விவசாயி இரவு ரயிலேறிக் கொழும்புக்குச் செல்ல வேண்டும். அங்கே சட்டத்தரணி தேட வேண்டும். விதைப்புக் காலத்தில் இது இயலுமா?

"நாடெங்கும் சட்டம் ஒன்றாயிருக்க வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும். அதற்காகத்தானே மேல்முறையீடு இருக்கிறது! முதல் வாயிலையே தொலைவில் வைப்பது ஒருமைப்பாடு அன்று, ஓரவஞ்சனை.

அயல்நாட்டைப் பாருங்கள். டில்லியிலுள்ள தேர்தல் ஆணையத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாணை வழங்க முடியாது என்று 1953இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. குறை தெரிந்ததும் 1963இல் பதினைந்தாந் திருத்தம் கொண்டுவந்தனர். வழக்குக்குரிய காரணம் எங்கே எழுந்ததோ அங்குள்ள உயர் நீதிமன்றமே டில்லி அரசுக்கும் ஆணையிடலாம் என்றாயிற்று. இந்தியா அதனாற் சிதறிப்போய்விட்டதா?

நீதியரசர்கள் எழுதப்பட்ட சட்டத்துக்குத் தாம் கண்ட பொருளை உரைத்தனர். அச்சட்டத்தைத் திருத்தும் கடமை பாராளுமன்றத்தினுடையது. காணி எந்த மாகாணத்தில் உள்ளதோ, அந்த மாகாண மேல் நீதிமன்றமே வெளியேற்ற அறிவித்தலை விசாரிக்கலாம் என்று ஒரு பிரிவு சேர்த்தாற் போதும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இதையே முதலிற் கேளுங்கள். மழுப்புவோருக்கு நம் முற்றத்தில் என்ன வேலை?