ரிக்டர் முழம்

சேவூர் பட்டுத் தறியில் 6 முழத்துக்கும் 7 முழத்துக்கும் வித்தியாசம் ஒரே முழம். பூகம்பக் கணக்கு அப்படியில்லை சார். அளவு ஒன்று கூடினால் கருவி கிறுக்கும் கோடு 10 மடங்கு உயரும். சக்தி ஏறக்குறைய 32 மடங்கு! (பேப்பரில் இன்னும் 'ரிக்டர்'. பெரிய பூகம்பத்துக்கு விஞ்ஞானிகள் இப்போது பார்ப்பது 'மொமென்ட்' அளவு.)

1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மகாராஷ்டிராவின் லாத்தூர்: 6.2. செத்தவர்கள் 10,000-க்குக் கொஞ்சம் கம்மி. 2001 குடியரசு தினத்தன்று குஜராத்தின் புஜ்: 7.7. சக்தி சுமார் 180 மடங்கு. சாவு 20,000-ஐ ஒட்டி, ரெண்டு மடங்குதான். முக்கியக் காரணம், லாத்தூரில் தூங்கினவர்கள் மேல் சரிந்த கனமான கல், மண் சுவர்கள்.

பூமியின் பலத்தைத்தான் அந்த நம்பர் சொல்லும். சுவரின் பலத்தைச் சொல்லாது. வீடு கட்டுறீங்களா? மேஸ்திரி கம்பியைக் குறைக்கிறாரான்னு கொஞ்சம் பாருங்க!