கவலை தீர்க்குமா மைக்கோடு?

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வசிப்பவர் மரியா தாமஸ். அழகெழுத்துக் கலைஞர். ஒரு நாள் பெரிய எழுத்து ஒன்றின் பின்னணியில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார். கவலை எல்லாம் மறந்து போயிற்றாம்! ரிக் ராபர்ட்சிடம் சொன்னார். இருவரும் சேர்ந்து அதை ஒரு முறையாக ஆக்கினர். அதுதான் 'ஜென்டாங்கிள்'.

ரப்பர் கிடையாது

மூன்றரை அங்குலச் சதுரக் காகிதம். நான்கு மூலையிலும் பென்சிலால் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கட்டம். உள்ளே வளைந்து நெளிந்து ஒரு கோடு. இப்போது கட்டம் பல அறைகளாகப் பிரிந்துவிடும். அறைக்கு ஒரு வடிவமாக மைப் பேனாவால் நிரப்ப வேண்டும். அழிக்கக் கூடாது. தப்பிய கோடும் வடிவத்தோடு சேர்ந்துவிடும். படம் வரையத் தெரியாதவர்களுக்கும் இது பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

மருந்தா?

மனநோய்க்கு இது மருந்து என்பாரும் உண்டு. அது மிகை. 2016-ல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளிவந்தது. 39 பேர் 45 நிமிடம் படம் வரைந்தனர்; களிமண் பிசைந்தனர். முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் 'கார்ட்டிசால்' குறைந்தது. மன இறுக்கத்தில் உடலில் கூடும் பொருள் அது. ஆனால், சும்மா உட்கார்ந்திருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஜென்டாங்கிளும் அந்தச் சோதனையில் இல்லை. நாள்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவர், டாக்டரிடம் போகாமல் பேனாவை நம்பியிருந்தால் ஆபத்து.

'ஜென்டாங்கிள்' என்ற பெயருக்கு வியாபார முத்திரை உண்டு. ஆசிரியர் சான்றிதழுக்குக் கட்டணமும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து வரைய, ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் போதும்.