நாங்கள் ஏன் இன்னும் பயர்பொக்ஸில் இருக்கிறோம்

எங்களில் ஒருத்தி அண்மையில் ஒரு பயிற்சிநெறிக்கு ஒன்லைனில் விண்ணப்பித்தாள். எல்லாம் நிரப்பி முடித்துக் கடைசிப் பொத்தானை அமத்தினால் பக்கம் அசையவேயில்லை. போன் எடுத்துக் கேட்டபோது, "குரோமில போடுங்கோ தங்கச்சி, மற்றதில வேலை செய்யாது" என்றார்கள். குரோமில் போட்டாள், போனது. "உந்தப் பயர்பொக்ஸை இன்னும் ஏன் கட்டி அழுறீங்கள்?" என்று அன்று பின்னேரம் எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம். அதற்கான எங்கள் பதில்தான் இது.

வேகத்தைப் பற்றி நாங்கள் சண்டை பிடிக்கப் போவதில்லை. எங்கள் பழைய மடிக்கணினிகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் காரணங்கள் வேறு.

முதலாவது, கடையில் பல பெயர்கள் இருந்தாலும் உள்ளே சரக்கு ஒன்றுதான். ஒபேரா 2013இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசொஃப்ட்டின் எட்ஜ் 2020இல் மாறியது. பிரேவ், விவால்டி, சம்சுங் போனில் வரும் பிரவுசர் எல்லாமே கூகுள் முன்னின்று உருவாக்கும் குரோமியத்தின் மேல்தான் நிற்கின்றன. ஆப்பிளின் வெப்கிற்றை விட்டால், பரவலான பாவனையில் மிஞ்சியிருப்பது பயர்பொக்ஸின் கெக்கோ எஞ்சின் மட்டும்தான்.

ஒன்றே இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. 2001இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தபோது கிட்டத்தட்ட எல்லாக் கணினியிலும் அதுதான். போட்டியில்லை என்றதும் அடுத்த பதிப்புக்கு 2006 வரை காத்திருக்க வேண்டி வந்தது. இடையில், 2004 நவம்பரில் பயர்பொக்ஸ் 1.0 வந்து ஆட்களை இழுக்காமல் விட்டிருந்தால் இன்னும் எவ்வளவு காலம் போயிருக்குமோ. தென்கொரியாவில் வங்கி வேலைகள் அந்த ஒரே பிரவுசரின் அக்டிவ்-எக்ஸில் கட்டப்பட்டதால், பல வருசங்களுக்கு வேறு பிரவுசர் வைத்திருந்தவர்கள் தங்கள் காசைப் பார்க்கவே அதைத் திறக்க வேண்டியிருந்தது. "குரோமில போடுங்கோ" என்ற பதில் எங்களுக்கு அந்தக் கதையைத்தான் நினைவுபடுத்துகிறது.

இரண்டாவது, டேட்டா. மாசக் கடைசியில் டேட்டா கார்ட் போடக் காசு தேடுகிற எங்களுக்கு, வாசிக்க வந்த பக்கத்தோடு தானாக ஓடுகிற விளம்பர வீடியோவும் எங்கள் செலவுதான். அன்ட்ரொய்ட் குரோமில் நீட்சி எதையும் போட முடியாது. பயர்பொக்ஸில் யூபிளொக் ஒரிஜினைப் போனிலேயே போடலாம். கணினியிலும், 2024இலிருந்து கூகுள் படிப்படியாக நடைமுறைப்படுத்திய புதிய விதிகளால் குரோமில் அந்த நீட்சி நின்றுபோய், 'லைட்' என்ற குறுகிய வடிவம்தான் மிஞ்சியது. விளம்பரத்தில் உழைக்கிற நிறுவனமே விளம்பரத்தைத் தடுக்கும் விதியையும் எழுதினால் வேறென்ன நடக்கும்?

மூன்றாவது, தமிழ். பழைய பயர்பொக்ஸில் இருபக்கமும் சீராக்கிய தமிழ் எழுத்துகள் உடைந்து கிடந்ததை அந்தக் காலத்து வலைப்பதிவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2008இல் மூன்றாம் பதிப்போடு அது சரிவந்தது. அதன் வழுப்பட்டியல் யாரும் பார்க்கலாம், யாரும் முறையிடலாம் என்று திறந்து கிடக்கிறது. மொழிபெயர்ப்பைச் செய்வதும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். ஒரு காலத்தில் இலங்கைத் தமிழுக்கென்றே தனிப் பதிப்பும் இருந்தது. இப்போது இல்லை. அந்த வெட்கம் மொஸில்லாவுக்கு இல்லை, எங்களுக்குத்தான்.

பயர்பொக்ஸ் புனிதப் பசுவல்ல. மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம். இது எங்களுக்கும் இடிக்கிறது. ஐபோன்காரருக்கு இன்னொரு செய்தி: எங்கள் நாட்டில் வாங்கும் ஐபோனில் எந்தப் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிற்தான். பெயர் மட்டும்தான் மாறும். இவ்வளவு தெரிந்தும் நாங்கள் இதில் இருப்பது, இது போனால் அந்த இடத்துக்கு வர வேறொன்று தயாராக இல்லை என்பதால்.

குரோமை அழியுங்கோ என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கிழமைக்குப் பயர்பொக்ஸையும் போட்டுப் பாருங்கோ, அவ்வளவுதான். இணையத்தளம் செய்து கொடுத்து உழைக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் மட்டும் கண்டிப்பான ஒரு வேண்டுகோள்: வேலையைக் கையளிக்க முதல் பயர்பொக்ஸிலும் ஒருக்கால் திறந்து அந்தக் கடைசிப் பொத்தானை அமத்திப் பாருங்கோ. பத்து நிமிச வேலை. செய்யாமல் விட்டால், போன் எடுத்துக் கேட்கத் தெரியாத ஒரு பிள்ளையின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.