‘நிறுத்து’ என்று சொல்லும் பொறுப்பு யாருடையது?

2019 அக்டோபரில் கேரளத்தின் பாலாவில் மாநில அளவிலான இளையோர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டியெறிதலும் சுத்தியெறிதலும் ஒரே மைதானத்தில் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டன. தன்னார்வலராக நின்றிருந்த பதினோராம் வகுப்பு மாணவரின் தலையில் சுத்தியின் இரும்புக் குண்டு விழுந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் மருத்துவமனையில் இருந்து அவர் இறந்தார். விபத்து என்று அதைச் சுருக்கிவிடலாம். ஆனால், ஆபத்தைக் கண்டதும் ஆட்டத்தை நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அத்துடன் முடிந்துவிடுவதில்லை. இந்தியப் பள்ளி மைதானங்கள் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு மாலைப் பயிற்சியிலும் எழ வேண்டிய கேள்வி அது.

பள்ளி விளையாட்டின் முழுச் சுமையும் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மீதே விழுகிறது. வகுப்பு, பயிற்சி, போட்டிக்கான பயணம், சான்றிதழ், காலை வழிபாட்டின் ஒழுங்கு வரை எல்லாம் அவர் கையில். அவருடைய உழைப்பு பதக்கங்களால் அளக்கப்படுகிறது. மாணவருக்கோ கல்லூரி இடம், ரயில்வே, காவல்துறை, ராணுவம் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீடு அனைத்தும் அந்தச் சான்றிதழைச் சார்ந்திருக்கின்றன. மாவட்டப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதற்கு முந்தைய வாரம் முழங்கால் வலித்தால் மாணவர் வாய் திறப்பதில்லை. இதை அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. குடும்பத்தின் வறுமையையும் எதிர்காலத்தையும் எடைபோட்டு எடுக்கப்படும் முடிவு அது. ஆசிரியரைக் குற்றம் சொல்வதிலும் பொருளில்லை. வெற்றி தேவைப்படும் இருவரிடமே ஓய்வைத் தீர்மானிக்கும் பொறுப்பையும் ஒப்படைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் பிழை இருக்கிறது.

மைதானத்தின் மொழி இந்த மௌனத்துக்குத் துணைபோகிறது. தமிழில் ‘சுளுக்கு’, ‘பிடிப்பு’, ‘அடி’ என்ற மூன்று சொற்களுக்குள் ஏறக்குறைய எல்லாக் காயங்களும் அடங்கிவிடுகின்றன. இந்தியில் ‘மோச்’ என்பதும், ‘நஸ் சட் கயீ’ என்பதும் அதே வேலையைச் செய்கின்றன. பெயர் சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. தசைநார் கிழிந்த முழங்கால் ‘சுளுக்கு’ என்று பெயர் பெற்றதும் எண்ணெய் தேய்த்து நீவப்படுகிறது. மறுவாரம் மீண்டும் ஓடுகிறது. தலையில் மோதி, எங்கிருக்கிறோம் என்றே தெரியாமல் சில கணங்கள் தடுமாறிய மாணவருக்கு ‘லேசான அடி’. சோர்ந்து நிற்கும் மாணவிக்குச் ‘சோம்பல்’. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை உள்ளது. அந்த ‘சோம்பலில்’ எவ்வளவு இரும்புச்சத்துக் குறைபாடு என்பதைச் சோதித்தால்தான் அறிய முடியும்.

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் வீரருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அக்கறை தேர்வுக்குப் பின்னர் தொடங்குகிறது. காயமோ தேர்வுக்கு முன்னரே நேர்கிறது. எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாத வயதில், அளவு மீறிய பயிற்சியால் ஒதுங்கிப்போனவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

இதற்குப் புதிய துறை ஒன்றும் தேவையில்லை. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து, 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் என நான்கு தலைப்புகள் அதற்கு உண்டு. விளையாட்டு மாணவர்களுக்கென ஐந்தாவது தலைப்பு ஒன்றைச் சேர்க்கலாம். பருவத் தொடக்கத்தில் இதயம், மூட்டு, ரத்தம் ஆகியவற்றின் பரிசோதனை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு காயப் பதிவேடு. காயமுற்றவர் மைதானத்துக்குத் திரும்ப மருத்துவரின் ஒப்புதல். பதக்கத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் முடிவு சென்று சேர்வதே இதன் பயன்.

உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே காலியாகக் கிடக்கும் நாட்டில் இது ஆடம்பரம் என்று சிலர் சொல்லக்கூடும். காயங்களைக் கணிசமாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டிய ‘ஃபிஃபா 11+’ ஆயத்தப் பயிற்சிக்கு இருபது நிமிடமும் ஒரு பந்தும் போதும். வெப்பத்தாக்கத்தில் நினைவு தடுமாறும் மாணவரை வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்த ஒரு தொட்டியும் நீரும் பனிக்கட்டியும் போதும். எறிதல் போட்டிகளைத் தனித்தனி நேரத்தில் நடத்தச் செலவே இல்லை.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. மருத்துவர் ஓய்வு கொடுத்ததால் போட்டியை இழக்கும் மாணவரின் ஒதுக்கீட்டு வாய்ப்பு பாதுகாக்கப்பட வேண்டும். முந்தைய ஆண்டின் தகுதி அவருக்குக் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். அந்த உறுதி இல்லாமல் எத்தனை மருத்துவர்களை நியமித்தாலும், மாணவர்கள் ‘வலி இல்லை சார்’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.